சிலிக்கா பாயின் நீல மணிகள்

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்கு மழைத்தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அந்த நிமிடம் வரை, தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை சலித்தாலும் சிலிக்கா பாயைப் போல ஒரு கிறுக்கர் கிடைக்கமாட்டார் என்று சத்தியமே செய்திருப்பேன்.

தெருக்கோடியில் செருப்புக் கடை வைத்திருப்பவர். ஷூ வாங்கினால், பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா பொட்டலத்தை மட்டும் தரமாட்டார். "ஷூ உன்து. பாக்கெட்டு என்து." அந்த மணிகள் ஈரத்தைக் குடிக்குமாம். அவற்றோடு பாரிஸ் கார்னரில் வாங்கிய நீல மணிகளையும் கலப்பார். ஈரம் ஏறினால் நீலம் ரோஸ் நிறமாகிவிடும். உடனே தோசைக்கல்லில் ரவை மாதிரி வறுத்து மறுபடி நீலமாக்குவார். அந்தக் கல்லில் தோசை சுடுவதில்லை என்று அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

எல்லாம் அவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய காசுகள் ஈரத்தில் களிம்பேறாமல் இருக்க. காசுகளை அடைத்த டப்பாவை வருடத்துக்கு ஒரே நாள்தான் திறப்பார். அக்னி நட்சத்திரத்து உச்சி வெயிலில், வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு. ஒருமுறை, "அழகா இருக்கே பாய்" என்று குனிந்துவிட்டேன்.

"மூச்சு வுடாத சார்! உன் மூச்சுல எவ்ளோ தண்ணி கீது தெரியுமா?"

என் மகள் யாழினிக்கும் இந்தப் பித்து ஒட்டிக்கொண்டது. ஏழு வருடத்தில் அறுபது காசுகள். கோவளம் மணலில் அவளே கண்டெடுத்த செப்புக்காசும் அதில் உண்டு. பாய் ஒவ்வொன்றையும் காகித உறையிலிட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் நீல மணிகளோடு அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். பிறகு எங்கள் வாளித் தண்ணீரில் அதை முக்கி அரைமணி நேரம் காவல் இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை டி.வி.யை மாடிக்குத் தூக்கினேன். மிக்ஸியைத் தூக்கினேன். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலடியில் இருந்த டப்பா மிதந்து தெருவுக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை.

"மிக்ஸி மூடியக்கூட தேடி எடுத்தீங்களே, குழந்தையோட டப்பா கண்ணுல படலையா?" என்றாள் மனைவி. யாழினி கட்டிலடியில் தேங்கிய தண்ணீரைக் கையால் துழாவிக்கொண்டே இருந்தாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

மறுநாள் காலை, தூறலில், பாய் வந்தார். மார்பு வரை சேறு, தலைமேல் டப்பா. எங்கள் தெருவில் மிதப்பதெல்லாம் பள்ளத்திலிருக்கும் அவர் கடையில்தான் போய் முட்டும்.

"பாய், உங்க கடை?"

"செருப்புலாம் ஊர்கோலம் போய்கினு கீது சார். அத்த வுடு."

துண்டை நீட்டினேன். வாங்கி டப்பாவைத் துடைத்தார். டேப்பைப் பிரிக்கப் போன யாழினியின் கையைத் தட்டிவிட்டார்.

"மழைல தொறப்பாங்களா? மே மாசம் பாத்துக்கலாம்."

டப்பாவை வெளிச்சத்தில் உயர்த்தினார். நாங்கள் மூன்று பேரும், யாரும் சொல்லாமலே, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தோம்.

"நீலமாவே கீது பாப்பா," என்றார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.