மொட்டைமாடிக்கு மேலே ஒரு வெளிச்சம்

வானத்தில் தெரிந்த வெளிச்சத்தைத் தானே நேரில் விசாரிக்கப் போவதாகக் கண்ணாடிக்கடைக்காரர் அறிவித்தார். வேறு யாரையும் விசாரிக்க விடுவதில் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அந்த வெளிச்சமே அவருடையதுதான்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு சிகரெட். டாக்டர் மிரட்டிய நாளிலிருந்து அதை அவர் விட்டுவிட்டதாகத்தான் வீட்டில் பேச்சு. மறுபடி தொட்டால் மாடிச் சாவியை மனைவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சத்தியம் செய்தபோது அவள் போட்ட நிபந்தனை. கீழே முழுக்க அவள் ராஜ்யம். அவருக்கென்று இருந்தது அந்த மாடி ஒன்றுதான்.

அதற்கும் வினை எதிர்வீட்டு டீச்சர் ரூபத்தில் வந்தது.

"சார், உங்க வீட்டுக்கு மேலே ஆகாசத்துல செவப்பா ஒரு வெளிச்சம். பெரிசாகுது, சின்னதாகுது, சட்டுனு கீழே விழுந்து அணைஞ்சுபோகுது. வேற கிரகத்துக்காரங்களா இருக்குமோன்னு பயமா இருக்கு. பேப்பர்காரங்களைக் கூப்பிடலாம்னு பார்க்கறேன்."

"அவசரப்படாதீங்க டீச்சர். முதல்ல பார்த்த கண்ணைப் பார்ப்போம்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனைவி அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடவே பரிமாறினாள். அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

வீட்டு முன்னறைதான் கடை. சுவரில் கண் சோதிக்கிற எழுத்துப் பலகை. மேல் வரியில் யானை மாதிரி எழுத்து. இறங்க இறங்கச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு. பலகைக்கு நேர் மேலே கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரை எதிர்ச்சுவர் ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்தார். பாதிப் பலகையிலேயே டீச்சர் தடுமாறினார்.

"'ழ'வைப் போய் 'மு'ன்னு படிக்கறீங்களே டீச்சர். இந்தக் கண்ணுக்குத் தெருவிளக்குகூட கிரகமாத்தான் தெரியும்."

டீச்சர் முகம் சுண்டிப்போய், புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். விசாரணை முடிந்தது என்று இவர் பெருமூச்சு விட்டபோது மனைவி உள்ளே வந்தாள். கையில் தூசி தட்டுகிற துணி. தினமும் அந்த அறையைத் துடைப்பவள் அவள்தான். துணியை மடித்து வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பாருங்க."

"உனக்கு எதுக்கு?"

"நானும்தான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்."

"சொல்லவே இல்லையே நீ?"

"கண்ணு சரியில்லாதவ சொன்னா நம்புவீங்களா? முதல்ல சோதிச்சுடுங்க."

இவள் இவ்வளவு பணிவாகப் பேசினால் எங்கேயோ இடிக்கும். ஆனாலும் அவருக்குத் தெம்பு இருந்தது. தூரத்தில் வருவது யாரென்று குரலை வைத்துத்தான் சொல்வாள். கண்ணாடி போடு என்றால் மட்டும் கேட்க மாட்டாள். மூன்றாவது வரியைத் தாண்ட மாட்டாள் என்று கணக்குப் போட்டார்.

தாண்டினாள். மூச்சு வாங்காமல் இறங்கினாள். கடைசி வரியை அவரே பக்கத்தில் போய்த்தான் படிப்பார். அவள் கூந்தலை முடிந்துகொண்டே படித்து முடித்தாள்.

"எப்படி?"

"பழுதில்லாத கண்ணு," என்றார் சுரத்தில்லாமல்.

"இந்தக் கண்ணு பார்த்தா சரியா இருக்கும்?"

"இருக்கும்."

"அப்போ கேளுங்க. தண்ணித் தொட்டி மேலே செவப்பா ஒரு வெளிச்சம். ஒரு தடவை நல்லாப் பெரிசாச்சு. அப்புறம் இருமிச்சு."

"வெளிச்சமா?"

"ரெண்டு தடவை. அதுக்குப் பின்னாடி இருந்த முகம் யாருதுன்னு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

சாட்சியின் கண்ணுக்குத் தன் வாயாலேயே நற்சான்று கொடுத்தாகிவிட்டது. இனித் தெருவிளக்கின் மேல் பழிபோட வழியில்லை. சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியும் தீப்பெட்டியும் மேசைக்கு வந்தன. கடைசியில், மனசே இல்லாமல், மாடிச் சாவி வந்தது.

"நான்தான்."

"அப்படியா? சத்தம்தான் எனக்குக் கேட்டுது," என்றாள் அவள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியில் இருந்தபடியே கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தாள்.

"என்னங்க, கடிகாரத்துல மணி என்னன்னு சொல்லுங்க."

"அதுக்குக் கீழே எறும்பு எழுத்தையே படிச்சியே."

"அது தினம் துடைச்சுத் துடைச்சு மனப்பாடம். முள்ளு ஒரு இடத்துல நிக்குதா?"