இதோ, வந்துட்டேங்க!

மலையடிவாரத்தில் குடியிருப்பவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஏதோ அந்த மலையை அவனே தூக்கி வைத்த மாதிரி பேசுவான். திருவண்ணாமலையில் பிறந்த எனக்கு அது ரொம்ப ஜாஸ்தி. தினமும் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிள். பாதையோரம் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர்களை நக்கலாகப் பார்த்துக்கொண்டே கடப்பேன். (ஷூ போட்டுக்கொண்டுதான். அந்த ஷூவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

அந்தக் கொழுப்பெல்லாம் ஓர் ஐப்பசிப் பௌர்ணமியில் கரைந்துபோனது.

அம்மா எனக்குப் பெண் தேடிக் களைத்திருந்த நேரம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவும் மாற்றிக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா விவசாயி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற மனிதர்.

"ஏற்கெனவே ரெண்டு பேரு வீட்டுக்கு வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்ட்டுட்டு, வேணாம்னு போயிட்டாங்க. பொண்ணு ரொம்ப நொந்து போச்சு. இன்னொரு தடவை அவளை அலங்காரம் பண்ணி உக்கார வைக்க எனக்கு மனசில்லைங்க. பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றோம். தம்பியும் வரட்டும். நடக்கிறப்ப பேசிக்கட்டும்" என்றார்.

முந்தின நாள் அந்தப் பெண்ணே போனில் பேசினாள். "நீங்க தினம் ஓடுவீங்களாமே? எங்க அப்பா மெதுவாதான் நடப்பாரு. எங்களை விட்டுட்டு ஓடிடாதீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு அப்போதே பிடித்துப்போயிற்று.

"நீங்க பாட்டுக்கு நடந்துகிட்டே இருங்க. நான் பின்னாடியே வந்து பிடிச்சிடுறேன்" என்று அளந்தேன். ("இன்ன இடத்தில் நில்லுங்கள், வருகிறேன்" என்று சொல்ல எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும்.)

அன்று காலையிலிருந்தே வானம் அழுது வடிந்தது. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. சட்டையை மாற்றி மாற்றிப் போட்டதில் கிளம்பவும் தாமதமாகிவிட்டது. வாசலில் அம்மா ஷூவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கிரிவலத்துக்கு ஷூவா? நல்ல காரியத்துக்குப் போற. வெறுங்கால்ல போ. வலமாவே போ. ஒரு அடிகூடத் திரும்பி நடக்காத, அபசகுனம்!"

போனேன். ஷூவுக்குள்ளேயே செல்லமாக வளர்ந்த பாதங்கள் எனக்கு. ரோட்டில் கிடந்த ஜல்லி ஒவ்வொன்றும் தனித்தனியாக நலம் விசாரித்தது. தூறல் மழையானது. எங்கு பார்த்தாலும் குடை. குடைக்குக் குடை குனிந்து முகம் பார்த்து, பெண்களிடம் திட்டு வாங்கியபடி ஓடினேன். அடி அண்ணாமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"தம்பி, மழைக்கு டீக்கடையில ஒதுங்கி நிக்கிறோம். இப்பதான் எங்களைத் தாண்டிப் போனீங்க. பொண்ணு பாத்துட்டுக் கூப்ட்டுச்சு, உங்களுக்குக் கேக்கல."

"அங்கயே நில்லுங்க. இதோ, வந்துட்டேங்க!"

திரும்பினேன். கூப்பிடு தூரம்தான். நாலு அடி வைப்பதற்குள் மொத்தக் கூட்டமும் எதிரே வந்து மோதியது. "யோவ், எல்லாரும் வலம் போறாங்க, நீ எங்கய்யா எதிர்ல வர்ற? சாவு வூட்டுக்கா போற?" என்று ஒருவர் கத்தினார். அம்மா சொன்ன அபசகுனம்! முதன்முதலாக அவளை நேரில் பார்க்கப் போகும்போது இந்தப் பேச்சா?

யோசித்தேன். திரும்பி நடக்காமல், வலமாகவே ஒரு சுற்றுச் சுற்றிப் போய்விட்டால் என்ன? ஓடுகிறவன்தானே நான்?

(ஆமாம். டீக்கடை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் போக நான் மலையைச் சுற்றிக் கிளம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.)

குபேர லிங்கத்தருகே ஓட்டம் நடையானது. ஊருக்குள் நுழையும்போது நடை நொண்டலானது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அந்தக் கூட்டத்தில் போன் லைனும் போகவில்லை, பாதையில் ஆட்டோவையும் விடவில்லை. பெரிய கோபுரத்தின் முன்னால் நின்று, அவர்கள் போயிருக்கக் கூடாது என்று கும்பிட்டுவிட்டு மறுபடி நடந்தேன்.

டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மேகத்தில் நிலவும் இல்லை. பெஞ்சு காலியாக இருந்தது.

கடைக்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கீழ்பென்னாத்தூர்க்காரங்களைத் தேடுறீங்களா? ரொம்ப நேரம் பாத்தாங்க. உங்களுக்குன்னு ஒரு டீகூடச் சொல்லி வெச்சிச்சு அந்தப் பொண்ணு. ஆறிப்போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவங்கப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. போறப்ப அழுதுச்சுங்க."

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. மழையில் நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள்தான் பெண்ணின் அப்பாவுக்கு லைன் கிடைத்தது. மழை, கூட்டம், சகுனம், கத்தினவர், கொப்புளம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"கூப்பிடு தூரத்துல இருந்த எங்களைப் பாக்க மலையையே சுத்துனீங்களா தம்பி? பிடிக்கலைன்னா சொல்லிடலாங்க. அதுக்கு ஓட வேணாம்."

வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்றுவரை நிற்கவில்லை. தட்டில் உப்புமாவை நான் ஓரமாக ஒதுக்கினால் போதும், அண்ணி ஆரம்பித்துவிடுவார்: "பிடிக்கலைன்னா சொல்லிடலாங்க தம்பி. அதுக்கு ஓட வேணாம்!" அண்ணனுக்குப் புரையேறும். அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அன்றைக்குப் போனில் அத்தனை காரணம் சொன்னேனே, பிடித்திருக்கிறது என்பதை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.