அரிசோனாவுக்குப் பத்து, மினசோட்டாவுக்குப் பூஜ்யம்

அநியாயம் நடந்தது மார்லிஸுக்கு. பனி கொட்டும் மினசோட்டாவில் முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டை விற்றுவிட்டு, வெயில் காயும் அரிசோனாவுக்குக் குடிபோவது என்று அவள் கணவன் டெல்மர் முடிவெடுத்துவிட்டான். எடுத்துவிட்டுப் போகட்டும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடிக்கும்போது, ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வா மார்லிஸ், எங்களை மறந்துடாதே" என்றார்கள். ஒருத்தி வழியனுப்பு கேக்கே சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். தான் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை அந்தக் கேக்கின் மேல் எழுதியிருந்ததைப் படித்துத்தான் மார்லிஸ் தெரிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேக்கை மேஜைமேல் வைத்தாள்.

"வீடு யாரோடது டெல்மர்?"

"நம்மளோடது."

"முடிவு யாரோடது?"

"அறிவியலோடது" என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினான்.

'வாழ்க்கைத் தரம்' என்று தலைப்பு. கீழே பெரிய அட்டவணை. போட்டியிட்டவை இரண்டு மாநிலங்கள். மதிப்பெண் போட்டது ஒரே ஆள், டெல்மர். குளிர்: அரிசோனாவுக்குப் பத்து, மினசோட்டாவுக்குப் பூஜ்யம். முப்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன், அதைக்கூட மன்னித்துவிடலாம். மினசோட்டா சாப்பாட்டுக்கு ரெண்டு போட்டிருந்தான்!

"இந்த ரெண்டு மார்க் சாப்பாட்டை இத்தனை வருஷமா யார் சமைச்சா?"

"அது மாநிலத்துக்குப் போட்ட மார்க். உனக்கில்ல."

"ரெண்டாம் தடவை தட்டை நீட்டினது மாநிலமா?"

டெல்மர் தொண்டையைக் கனைத்தான். "நாளைக்கு அரிசோனா வீட்டுத் தரகர் பிக்ஸ்பிகிட்டேருந்து பத்திரம் வருது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மாட்டேன்னா காரணம் சொல்லு. அட்டவணையை மிஞ்சின காரணமா இருக்கணும்."

இந்த இடத்தில் நானாக இருந்தால் அந்தக் கேக் அவன் முகத்தில் இருந்திருக்கும். மார்லிஸ் நிதானமாகக் காப்பி ஊற்றினாள்.

"மார்க் சரியான்னு அரிசோனாக்காரங்க ஒருத்தரையும் கேட்டுடலாமே. அந்தத் தரகர் பிக்ஸ்பி இருக்காரே, அவரையே கூப்பிடு."

டெல்மர் குஷியாகிவிட்டான். ஸ்பீக்கரில் போட்டான். மார்லிஸ் அட்டவணையை வாசிக்க ஆரம்பித்தாள்.

"குளிருக்கு எங்க வீட்டுக்காரர் பூஜ்யம் போட்டிருக்கார். நீங்க என்ன சொல்றீங்க?"

"பூஜ்யமே ஜாஸ்திம்மா! மைனஸ் முப்பதுல மனுஷன் இருப்பானா?"

டெல்மர் கோப்பையைக் கீழே வைத்தான். "மைனஸ் முப்பது அப்படி ஒண்ணும் மோசமில்ல தம்பி. காத்து இல்லேன்னா குல்லாகூட வேண்டாம்."

"ஹா ஹா! நல்ல ஜோக் சார்."

"ஜோக் இல்ல." பூஜ்யத்தை அடித்து ஆறு போட்டான்.

மினசோட்டாக்காரன் தன் ஊரை நவம்பரில் திட்ட ஆரம்பித்தால் மே மாதம்தான் நிறுத்துவான். ஆனால் வெளியூர்க்காரன் அதற்கு 'ஆமாம்' போட்டானோ, தீர்ந்தது. பாவம், பிக்ஸ்பிக்கு இது தெரியாது. வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதே அவன் தொழில்.

"ரோட்டுக்கு ஒண்ணு" என்றாள் மார்லிஸ்.

"குளிர்காலத்துல உங்க பக்கம் ரோடே கண்ணுக்குத் தெரியாதாமே!"

"எந்த மடையன் சொன்னான்? காலைல அஞ்சு மணிக்குள்ள நான் பனி தள்ளின ரோடு தெரியலேன்னா என் பேரு டெல்மர் இல்ல!" பத்து.

"கொசு?"

"கோழி சைஸுல இருக்குமாமே சார்!"

"எங்க ஊர்ல கொசுகூட திடகாத்திரமா இருக்கும்ப்பா!" எட்டு. கையோடு சாப்பாட்டையும் திருத்தி ஒன்பதாக்கினான்.

"ஒன்பதா?" என்றாள் மார்லிஸ்.

பத்தாக்கினான்.

"அப்புறம் ஏரி..."

"அதைச் சொல்லுங்க!" பிக்ஸ்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உறைஞ்ச ஏரி மேல குடிசை போட்டு, ஐஸ்ல ஓட்டை போட்டு, தூண்டிலோட மூணு மாசம் அந்த ஓட்டையையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களாமே? இங்க அப்படி இருந்தா ஆஸ்பத்திரில சேர்த்துடுவாங்க. சீக்கிரம் வந்துடுங்க சார்!"

டெல்மர் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.

"டேய்! அந்தக் குடிசைல உக்காந்து ஒரு மீன் பிடிச்சிருக்கியா நீ? அந்த ஏரியை விட்டுட்டு உன் மணலைக் கட்டிக்கிட்டு அழவா? வீடும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம், வைடா போனை!" என்று அவனே வைத்தான்.

அட்டவணையில் அரிசோனா டெபாசிட் இழந்திருந்தது. வெற்றிக் களிப்பில் டெல்மர் வழியனுப்பு கேக்கை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டான். பாதி மென்றபோதுதான் மூளை வேலை செய்தது.

"மார்லிஸ், அவன் பேசினா நான் இப்படித்தான் துள்ளுவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"கேக்கை முழுங்கிட்டுப் பேசு."

"இல்ல, எனக்குப் புரியல. ஜூலைலயே ஸ்வெட்டர் போடறவ நீ. அப்படி என்ன இந்தக் குளிர் மேல உனக்கு ஆசை?"

மார்லிஸ் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

"குளிர் எனக்கும் ஆகாதுதான் டெல்மர். ஆனா அரிசோனாவுல ஏரி உறையாதே. பன்னிரண்டு மாசமும் நீ வீட்டுலயே இருப்பியே!"