சோப்பு டப்பாவும் குங்குமச் சிமிழும் பொருத களம்

வாழ்க கொளஞ்சி! பன்னிரண்டு குழாய் ஸ்பீக்கர்களுக்கும், இரண்டு ஜெனரேட்டர்களுக்கும், வண்ணம் மாறி மாறிச் சிமிட்டும் நான்கு சீரியல் செட் மயில்களுக்கும் தனிப்பெருந்தலைவன். பெரம்பலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டின் பின்சந்தில், பத்துக்குப் பத்தடிக் கடையாகிய கோட்டைக்குள் வீற்றிருந்து, எட்டுத் திசையையும் விடியுமுன் எழுப்பும் இடிமுழக்கத்தான். கல்யாணமாயினும் கருமாதியாயினும் ஒரே அளவு சத்தம் வைக்கும் நடுநிலை தவறாத நெறியாளன். 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்னும் மூன்று சொல்லில் தன் வாழ்வின் பொருள் முழுவதையும் அடக்கிவிட்ட ஒலிவேந்தன் கொளஞ்சி வாழ்க! அவன் கைச் சால்டரிங் அயர்ன் வாழ்க! உருகும் ஈயமே, இப்பெரும்போரின் கதையைப் பிழையின்றிச் சொல்லி முடிக்க நீயே எமக்குத் துணை. விரலைச் சுடாமல் இருந்தால் அதுவே போதும்.

வீரனைச் சொல்லிவிட்டு எதிரியைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அரியலூர்க் கடைத்தெருவில் 'அபிநயா சவுண்ட் சர்வீஸ்' என்னும் பலகையின் கீழ்க் கொலுவிருக்கும் அய்யம்பெருமாளே அவன். சிமெண்ட் லாரிகளின் பேரிரைச்சலையும் தன் குழாய்களால் அடக்கி, லாரி டிரைவர்களைத் தங்கள் ஹாரன் பழுதோ என்று இறங்கிப் பார்க்கவைத்த பேராற்றலாளன். கொளஞ்சியின் உடன்பிறந்த தங்கை மலர்கொடியின் கணவன். ஓராண்டுக்காலம் தனி மாவட்டமாய்த் தலைநிமிர்ந்திருந்த அரியலூரை மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்த கொடுமை நடந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மாவட்டம் போனதைக்கூட அவன் மன்னித்துவிட்டான். ஆனால் பெரம்பலூரிலிருந்து மச்சான் வந்து தன் வீட்டு விசேஷத்தில் குழாய் கட்டுவதை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை.

விசேஷம் என்ன? மூன்று வயது அபிநயாவுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு, ஊர் முழுக்கச் சோறு. இதில் மைக் செட் கட்டும் பெரும்பேறு யாருக்கு? தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் காது குத்தவேண்டும், தாய்மாமன்தான் சீர் கொண்டுவரவேண்டும், ஆகவே குழாய் ஸ்பீக்கரும் சீரில் அடக்கம் என்பது கொளஞ்சி கண்ட தர்மம். பிள்ளையின் பெயரையே கடைப்பலகையில் எழுதி வைத்திருக்கும் தகப்பன் இருக்க, வேற்று செட் உள்ளே நுழைவது தன் பிணத்தின் மீதுதான் என்பது அய்யம்பெருமாள் கண்ட தர்மம். இரு தர்மங்கள் மோதும்போது ஊர் என்ன செய்யும்? காதைப் பொத்திக்கொள்ளும்.

ஏனெனில் ஊர் முன்பே பட்டிருந்தது. மூன்றாண்டுக்கும் முன், அபிநயா வயிற்றில் இருந்தபோது, மலர்கொடியின் வளைகாப்பில் இவ்விரு மாவீரரும் ஆளுக்கு ஆறு குழாயை எதிரெதிர் வேப்பமரங்களில் ஏற்றி, ஒருவன் பக்திப் பாடல் போட, மற்றவன் அதைவிட உரக்க வேறொரு பக்திப் பாடல் போட, சாமிகளே குழம்பிய அந்த நாளில், மூன்று மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சமையற்காரர் உப்பு என்று கேட்டதற்குச் சர்க்கரை வந்து சேர்ந்தது. வளையல்காரர் யார் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்காமல் அத்தனை வளையலையும் மாமியார் கையில் அடுக்கிவிட்டுக் கூலி வாங்கிப் போய்விட்டார். ஏழு மாதக் கர்ப்பிணியாகிய மலர்கொடி அன்று வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அதை அவள் மறக்கவில்லை.

ஆகவே இம்முறை, அண்ணனும் கணவனும் மீண்டும் தோள் தட்டிய கணத்தில், அவள் அடுப்பங்கரையிலிருந்து வெளிப்பட்டு, கரண்டியைச் செங்கோலாய் உயர்த்திப் பிரகடனம் செய்தாள்:

"ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. பெருசுல யாரு பெருசுன்னு ஊரே பாத்தாச்சு. இப்ப சின்னதுல காட்டுங்க. உள்ளங்கையில அடங்குற மாதிரி ஒரு ஆம்ப்ளிபயரு செஞ்சு எடுத்துட்டு வாங்க. சத்தம் எங் காதுக்குள்ள மட்டுந்தான் கேக்கணும். எது சின்னதா இருக்கோ, எது கேக்க நல்லா இருக்கோ, அந்த செட்டுதான் எம் புள்ள காதுகுத்துக்கு. நாஞ் சொல்றதுதான் முடிவு."

அந்தப் பிரகடனத்தின் வழியே பிறந்ததுதான் இப்போர். வாக்மேன் என்னும் கைக்கடக்கக் கேசட் பெட்டி தரும் மெல்லொலியை வாங்கி, ஊட்டம் கொடுத்து, காதை முழுதும் மூடும் பெரிய ஹெட்போனுக்கு அனுப்பும் சின்னஞ்சிறு ஆம்ப்ளிபயர் ஒன்றை ஆளுக்கொன்றாய்ச் செய்யவேண்டும். தேவை எட்டுக்கால் ஐ.சி. ஒன்று, நாலைந்து கண்டென்சர், ஒரு வால்யூம், செல். கேட்பதற்கு எளிது. ஐந்நூறு வாட் டிரான்ஸ்பார்மரைத் தோளில் சுமந்து பழகிய கொளஞ்சியோ, கடுகளவு கண்டென்சர் ஒன்றைத் தும்மலில் தொலைத்துவிட்டு அரைநாள் தரையில் குப்புறப் படுத்துத் தேடினான். குழாய் ஏற்ற மரமேறும் கால்விரல்களுக்கு இருந்த நுணுக்கம்கூட அவன் கைவிரல்களுக்கு இல்லை. எனினும் பதினொரு நாள் தவமிருந்து, மூன்று ஐ.சி.யைக் கருக்கி, நான்காவதை உயிர்ப்பித்து, மனைவி ஆண்டாயியின் குங்குமச் சிமிழைக் குங்குமம் தட்டிக் கவர்ந்து, அதற்குள் அனைத்தையும் அடைத்து மூடியும் விட்டான். அங்கே அரியலூரில் அய்யம்பெருமாள் ஒரு சோப்பு டப்பாவை அரணாய்க் கொண்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியை அதில் பள்ளிகொள்ளச் செய்திருந்தான்.

போர்நாள் ஞாயிறு, காலை ஒன்பது மணி, களம் மலர்கொடியின் கூடம். ஆனால் வீரர் குலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டே! ஒன்பது மணி விசேஷத்துக்கு நான்கு மணிக்கே செட் பாடத் தொடங்கவேண்டும், அதுவும் முழுச் சத்தத்தில். 'டெஸ்டிங்' செய்யாத செட் குளிக்காத பூசாரிக்குச் சமம். கொளஞ்சி நான்கு மணிக்கே எழுந்தான். வாக்மேனைச் சிமிழோடு கோத்து, சிமிழில் இயர்போனைச் சொருகினான். பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். குளிக்கும்போதும் பாடியது, இட்லி தின்னும்போதும் பாடியது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலும் பாடியது. பஸ்ஸில் ஏறி அமர்ந்ததும், சிமிழில் மைக்கே கிடையாது என்பதையும் மறந்து, பழக்கத்தில் அதை வாயருகே கொண்டுபோய், "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..." என்று முழங்கினான். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். ஜெனரேட்டரில் ஓடும் செட்டுக்கு இந்த ஐந்து மணி நேரம் ஒரு பொருட்டல்ல. சிமிழுக்குள் இருந்தவை சட்டைப் பொத்தானளவு செல்கள் மூன்றே மூன்று. பஸ்ஸை விட்டு இறங்கி, இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்து, வெற்றி நடை நடந்து தங்கை வீட்டுப் படியேறும் வேளையில், அவை மூன்றும் ஓசையின்றி வீரசொர்க்கம் எய்தின. அவன் அறியான்.

முதற்போர், உருவப்போர். அய்யம்பெருமாள் சோப்பு டப்பாவைப் பலகைமேல் வைத்தான். கொளஞ்சி மூடிய முட்டியை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாய் விரித்தான். உள்ளங்கையில் சிமிழ் பொலிந்தது! டெய்லர் டேப்பால் அளக்கும் அவசியமே எழவில்லை; ஆயினும் அளந்தார்கள். சிமிழ் ஒன்றரை அங்குலம், டப்பா நான்கரை.

"ஒயரையும் சேத்து அளக்கணும் மச்சான்!" என்று கர்ஜித்தான் அய்யம்பெருமாள்.

"அப்ப ஒன் பேட்டரி கனத்தையும் சேத்து நிறுக்கலாமா மாப்ள?" என்று எதிர்கர்ஜனை புரிந்தான் கொளஞ்சி.

கரண்டி உயர்ந்தது. இருவரும் அடங்கினர். உருவத்தில் வெற்றி பெரம்பலூருக்கே என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாம் போரே பெரும்போர், ஒலிப்போர். மலர்கொடி முக்காலியில் அமர்ந்து ஹெட்போனை அணிந்தாள். முதலில் வாக்மேனோடு கோத்த சோப்பு டப்பா. அய்யம்பெருமாள் குலவழக்கப்படி வால்யூமை இறுதிவரை திருக, நாதசுரமும் தவிலும் சேர்ந்து அவள் தலைக்குள் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்தின. அவள் கண்கள் இடுங்கின, தோள்கள் காதுவரை ஏறின. "நல்லாத்தாங்க கேக்குது, மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி," என்று மட்டும் சொல்லி அவள் ஒயரைக் கழற்றினாள்.

அடுத்தது, அதே வாக்மேனில் சிமிழ். ஹெட்போனை மீண்டும் மாட்டினாள். கொளஞ்சி மூச்சை அடக்கி வால்யூமைத் திருகினான். அப்போது நிகழ்ந்ததை எச்சொல்லால் சொல்வோம்! இடுங்கிய கண்கள் மெல்ல மூடின. ஏறிய தோள்கள் இறங்கின. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தது. பிறந்த வீட்டில் அண்ணனின் டெஸ்டிங்கில் தாலாட்டுக் கேட்காமல் வளர்ந்து, பரீட்சைக்குத் தலையணைக்குள் முகம் புதைத்துப் படித்து, புகுந்த வீட்டில் கணவனின் டெஸ்டிங்கில் விழித்தெழுந்து, இருபத்தாறு ஆண்டு சத்தத்துக்குள்ளேயே சமைத்தும் துவைத்தும் வாழ்ந்துவிட்ட அந்தப் பெண்ணின் முகத்தில், யாரும் பார்த்திராத ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. பாவம், அவளுக்கு அது எவ்வளவு காலம் கழித்துக் கிடைத்தது! ஒரு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம் போயிற்று. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவள் எழவில்லை.

கடைசியில் கண் திறந்து, "அண்ணே, இதாண்ணே. இதுல ஒரு கொற சொல்ல முடியாது," என்றாள்.

கொளஞ்சி துள்ளினான். கூடத்தைச் சுற்றி மூன்று முறை ஓடி, காலண்டரைக் கீழே தள்ளினான். "குழாய ஏத்திட்டு வரச் சொல்றேன்!" என்று வானதிர முழங்கினான். பொறுக்குமா அய்யம்பெருமாளின் நெஞ்சம்? ஹெட்போனைப் பறித்துத் தன் தலையில் கவிழ்த்தான். கேட்டான். உற்றுக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை.

அவன் முகம் வெளிறியது. சவுண்ட் சர்வீஸ்காரன் ஒவ்வொருவனும் குழாயின் கீழ் நின்று நின்று ஒருநாள் தன் காது போய்விடும் என்று உள்ளுக்குள் நடுங்குபவன், வெளியே சொல்லமாட்டான். மனைவி கேட்டு மெய்மறந்த பாட்டு தனக்குக் கேட்கவில்லை என்றால் அந்த நாள் வந்துவிட்டது என்றே அவன் முடிவு செய்தான். எனவே தொண்டையைச் செருமி, தலையை மெல்ல ஆட்டி, "பிரமாதம் மச்சான்! தவிலு தனியா, நாயனம் தனியா பிரிஞ்சு கேக்குது," என்றான்.

இதைக் கேட்டுப் பூரித்த கொளஞ்சி, தன் படைப்பைத் தானும் சுவைக்க விரும்பி ஹெட்போனை வாங்கி அணிந்தான். பேரமைதி. காலையில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது, இப்போது கேட்கவில்லை! விரலால் தாளம் போட்டுக்கொண்டே, "பேஸ் மட்டும் ஒரு சொட்டு கம்மி," என்றான்.

இரு பெருவீரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தங்கள் செவிக்கு வந்த முடிவை எண்ணி, கண்ணீரை அடக்கி நின்ற அந்த நேரத்தில் மலர்கொடி வாய்விட்டுச் சிரித்தாள்.

"செல்லு செத்துப் போச்சுண்ணே. ஆம்ப்ளிபயருக்கு உசுரு இருந்தா ஸ்ஸுன்னு ஒரு எரச்சலாச்சும் வரும்ல? அது தெரியாமயா ஒனக்குத் தங்கச்சியாப் பொறந்தேன், இவருக்கு வாக்கப்பட்டேன்? காலையில நாலு மணிக்கே டெஸ்டிங் போட்டிருப்ப."

அந்த வாக்கியம் இருவர் காதிலும் எழுத்துக்கு எழுத்து தெளிவாய் விழுந்தது. விழுந்தது! கேட்டது!

"மாப்ள, காது கேக்குதுடா!" என்று அலறினான் கொளஞ்சி.

"எனக்கும் கேக்குது மச்சான்!" என்று விம்மினான் அய்யம்பெருமாள்.

மூன்றாண்டுப் பகையும் மாவட்டப் பகையும் மறந்து, மச்சான் மாப்பிள்ளையைத் தூக்கிச் சுற்ற, மாப்பிள்ளையின் கால் பட்டு முக்காலி உருள, ஒருவன் காதில் ஒருவன் வாய் வைத்து 'ஹலோ ஹலோ' என்று கூவி, ஒவ்வொரு ஹலோவும் கேட்கக் கேட்க ஆனந்தக் கூத்தாடினார்கள். மூச்சு வாங்கி நின்றபிறகுதான் போரின் நினைவு வந்தது. செத்த செல் போட்ட செட் எப்படி ஜெயித்ததாகும் என்றான் அய்யம்பெருமாள். தீர்ப்பு தீர்ப்புதான் என்றான் கொளஞ்சி.

"தீர்ப்பு தீர்ப்புதாண்ணே," என்றாள் மலர்கொடி. "சின்னதும் அதான், கேக்க நல்லா இருந்ததும் அதான். ஜெயிச்ச செட்டத்தான் கட்டணும்னு பேச்சு. இப்ப நான் எப்புடிக் கேட்டனோ, அப்புடியே கொண்டாந்து கட்டு. புது செல்லு போடக்கூடாது."

செங்கோலாகிய கரண்டி அசையாமல் நின்றது. பன்னிரண்டு குழாய்களின் வேந்தன் சிமிழை எடுத்துப் பையில் போட்டான். அபிநயா சவுண்ட் சர்வீஸின் அதிபதி உருண்ட முக்காலியை நிமிர்த்தி வைத்தான். தர்மம் இரண்டும் தலைகுனிய, பெரம்பலூர் வென்றும் தோற்க, அரியலூர் தோற்றும் தப்பிக்க, இரு நகரத்து மரங்களும் மாடுகளும் வளையல்காரரும் அறியாமலே அவர்களுக்கெல்லாம் விடுதலை பிறந்த அந்த மாபெரும் தீர்ப்பின்படி, வைகாசி மாதத்து நல்லோரையில், கிடா வெட்டி, மாலை சூட்டி, தாய்மாமன் கொளஞ்சியின் மடியில் அபிநயா அமர்ந்தாள்.

அந்தக் காதுகுத்துக்கு மைக் செட் கட்டவில்லை.