மச்சானிடம் எச்சில் கேட்டு ஒரு விண்ணப்பம்

தாராவி, மும்பை

மதிப்பிற்குரிய கணேசபாண்டியன் மச்சான் சமூகத்திற்கு, சுடலைக்கண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை பேராச்சியும் மகள் இசக்கிசெல்வியும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக, முக்கியமாக வாய் வறளாமல், இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டதால் தபாலில் வருகிறேன்.

அன்று போனில் எடுத்த எடுப்பிலேயே "மச்சான், கொஞ்சம் எச்சி வேணும்" என்று கேட்டது தப்புதான். "தங்கச்சியக் குடுத்தாச்சு, இப்ப எச்சியும் வேணுமாவே?" என்று நீங்கள் கத்தியதை நினைத்து பேராச்சி இன்னும் சிரிக்கிறாள். விஷயம் இதுதான். செல்வி பிறக்கும்போதே விரலெல்லாம் மடங்கி இறுகி இருந்ததே, அது உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் குடும்பங்களில்தான் இருக்கிறதாம். அந்தக் குடும்பங்களையும் டாக்டர்களையும் சேர்த்து மாதாமாதம் வீடியோ மீட்டிங். ஹாலந்து டாக்டரம்மா, ஜப்பான் டாக்டர், பிரேசில் லாரி டிரைவர் ஒருவர், நடுவில் பெல்ட் பட்டறையிலிருந்து ஓடிவரும் நான். நான் படித்தது எட்டாங்கிளாஸ், செல்வி இப்போது ஏழாங்கிளாஸ். அடுத்த வருஷம் என்னைப் பிடித்துவிடுவாள். லாரிக்காரருக்கும் இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது, அதனால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அவர்தான் பை ஜிப்பில் சாவி வளையம் கோத்து, அதில் விரலை விட்டு இழுத்துக் காட்டினார். செல்வி இப்போது ஸ்கூல் பையைத் தானே திறந்து, "சலோப்பா, லேட்டாகுது" என்று என்னை விரட்டுகிறாள்.

அப்பா, அம்மா இரண்டு பக்கத்து எச்சிலையும் சோதித்தால்தான் இது எப்படி வந்தது, இவள் விரலுக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று தெரியுமாம். நான் அவசரத்தில் வாயில் வெற்றிலைப் பானோடு துப்பி அனுப்பிவிட்டேன். "அப்பாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறதா?" என்று ஹாலந்தே கவலைப்பட்டு மெயில் போட்டது. "பல் நல்லாருக்கு, பழக்கம்தான் சரியில்ல" என்று பதில் போட்டவள் உங்கள் மருமகள்தான். கொப்பளித்துவிட்டு மறுபடி துப்பினேன்.

பேராச்சி பக்கத்தில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். "யார் வழியில வந்துச்சுன்னு பாத்து எங்க தலையில கட்டவா?" என்றீர்கள். டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டோம், யார் மேலும் குற்றமில்லையாம். கல்யாண வீடுகளில் நாம் இத்தனை காலம் போட்ட சண்டையெல்லாம் வீண். பார்சலில் குழாய் வந்திருக்கும். கோடு வரைக்கும் துப்பினால் போதும். என்னை நினைத்துக்கொண்டால் சீக்கிரம் நிறையும்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம், மருமகப் பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் கோபத்துக்கும் ஒரு கும்பிடு.

தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
சுடலைக்கண்ணன்

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் அக்கா பேராச்சிக்குப் போன் பண்ணினார். நீங்கள் போன மாதமே துப்பி அனுப்பியாச்சாம். "மாப்ள லெட்டர் போட்டுக் கெஞ்சட்டும், சொல்லிராத" என்றீர்களாம். ஆகவே மேலே உள்ள மரியாதை அத்தனையும் வாபஸ். செல்வி இப்போதுதான் புது மெயிலைப் படித்தாள்: "மாமாவுக்கும் ஈறில் ரத்தமா?" என்று ஹாலந்து கேட்கிறது. வேறு குழாய் அனுப்புகிறார்கள். முதலில் வெற்றிலையைத் துப்புங்கள் மச்சான், அப்புறம் எங்களுக்காகத் துப்புங்கள்.