அறுபதாம் கல்யாணத்தை அழித்த சின்னக் கோடு

நாகர்கோவிலிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து, ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்தவன் நான். கரமனையில் மாடி வீடு கட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், மகள் சுகன்யாவைக் கம்ப்யூட்டர் இஞ்சினியர் ஆக்கினேன். (மண்டியில் எனக்குக் கீழே பி.காம். படித்தவர் வேலை பார்க்கிறார்.) இவ்வளவும் செய்த நான்தான் என் அறுபதாம் கல்யாணப் படங்களை ஒரு கோட்டில் காலி செய்தேன்.

முதல் கல்யாணத்தில் படம் எடுக்க வசதியில்லை. அதனால் மனைவி ரமணிக்கு இந்தப் படங்கள்தான் உயிர். சுகன்யா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, போட்டோக்காரரின் கார்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்ல படங்கள் ஃபோல்டர்களுக்குள் போயின. கண் மூடியவை, தலை வெட்டுப்பட்டவை வெளியே கிடந்தன.

"வெளியில கிடக்கதை மட்டும் மொத்தமா அழிக்கப் போறேன்ப்பா. ஃபோல்டரைத் தொடாது," என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.

சொன்னதும் நம்புகிற ஆளா நான்? எங்கள் மண்டியில் விற்றுப்போன மூட்டைமேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, வாங்கியவர் பெயரின் முதல் எழுத்தைப் போடுவோம். பிறகு எந்தச் சுமைக்காரரும் அதில் கை வைக்கமாட்டார். அதே முறைப்படி அந்த ஃபோல்டர்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கி, ரமணிக்காக "-r" என்று பெயர் வைத்தேன். (ஒற்றை விரலால்.)

சுகன்யா திரும்பி வந்து கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள். ஃபோல்டர்களும் போய்விட்டன.

"அப்பா, இதுல எதையாவது தொட்டீங்களா?"

"தொடலை மக்ளே. கோடு போட்டுக் காப்பாத்தி வச்சேன்."

அவள் தலையில் கை வைத்தாள். "இதுக்கு எல்லாமே வெறும் எழுத்துதான்ப்பா. எது ஃபைல் பேரு, எது உத்தரவுன்னு பிரிச்சுக் காட்டத்தான் உத்தரவுக்கு முன்னால கோடு போடுறது. கோடும் ஆர்ங்கிற எழுத்தும் சேர்ந்தா ஃபோல்டரையும் சேர்த்து அழின்னு அர்த்தம். இங்க உள்ள பேரையெல்லாம் வாசிச்சு அழின்னு சொன்னேன், ஃபோல்டர் வந்தா தானா விட்டுரும். அதுல உங்க ஃபைலும் வந்துச்சு. அந்தப் பேரை இது உத்தரவுன்னு எடுத்துக்கிட்டுச்சு."

"அதுக்குக் கோடுதான் கெடச்சுதா?"

"பேருக்கு முன்னால யாரும் கோடு போடமாட்டாங்கன்னு வச்சிருப்பாங்க."

"ஆரியசாலைல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

வாசலில் நின்ற ரமணி, "ஒரு படம்கூட இல்லையா?" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "அப்ப இன்னொரு தடவை தாலி கெட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலையும் கழுத்துமாக மறுபடி உட்கார்ந்து தாலி கட்டினேன். "அண்ணாச்சி, இது எத்தனாவதாக்கும்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், "மாமாகிட்ட கேளுங்க, அவருக்குத்தான் பழக்கம்" என்கிறார் மருமகன்.

அது போகட்டும். சுகன்யா தன் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறாளாம். அதில் நான் "யாரோ ஒரு வியாபாரி". அது நடக்காது. ஆரியசாலை மிளகாய் மண்டி ஆறுமுகம் என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.