கையோடு வந்த சர்வே கல்

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு,

உன் அப்பா துரைராசு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா பிரகதாம்பாளும் கறவை மாடும் மோட்டாரும் பெரிய ரிப்பேர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். நெதர்லாந்தில் நீயும் உன் சைக்கிளும் குளிரில் விறைக்காமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். அவருக்கும் நமக்கும் இப்போது கொஞ்சம் மனஸ்தாபம், அது பின்னால் வரும். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் திட்ட ஆரம்பித்தால் நீ சிரித்துவிடுகிறாய், நீ சிரித்தால் எனக்குத் திட்டு மறந்துபோகிறது. காகிதம் சிரிக்காது. எழுதி முடித்ததும் உன் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். பொறுமையாகப் படி.

முதலில் என் மானம் போன கதை. ஆவணி கடைசியில் ஒரு நாள் காலை, பக்கத்து வயலில், அதாவது நம் பங்காளி கலியபெருமாள் பெரியப்பா வயலில், நடவுக்கு ஆள் கூட்டி வருகிற அம்சம் தன் ஆட்களோடு நடவு நட்டுக்கொண்டிருந்தது. உன் அப்பன் நடுவரப்பில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சர்வே கல்லைப் பிடுங்கப் போனேன். கருங்கல் ஆச்சே என்று மூச்சைப் பிடித்து இழுத்தால், அது முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. இழுத்த பலம் பாக்கி இருக்கிறதல்லவா, அது என்னைத் தூக்கிப் பெரியப்பா வயல் சேற்றில் மல்லாக்கப் போட்டது. நடவுப் பாட்டு நின்றுபோச்சு. "என்னண்ணே, சேத்துப் பதம் காலால பாப்பாங்க, நீங்க படுத்துல்ல பாக்குறீங்க!" என்றது அம்சம். இன்னொரு பிள்ளை, "அவங்க வயல்ல தண்ணி இல்லக்கா, அதான் இங்க வந்து உருள்றாங்க" என்றது. "அண்ணே, பொரளாம அப்படியே எந்திரிங்க, ரெண்டு பக்கமும் நட்டாச்சு!" என்று மறுபடியும் அம்சம். நானோ அந்தக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடக்கிறேன். தலையணை கனம்கூட இல்லை. அடியில் ஒரு மூடி திறந்து, உள்ளேயிருந்து ஒரு டப்பா எட்டிப் பார்த்தது. டப்பாவில் ஒரு பென்சில், விரல் நீளத்துக்கு ஒரு நெதர்லாந்து மரச்செருப்பு, ஒரு சுருட்டிய காகிதம். காகிதத்தின் தலையில் உன் கையெழுத்து. ரெண்டாம் வகுப்பிலிருந்து நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய உன் நோட்டுகளில் இருந்த அதே கோழிக் கிறுக்கல், எனக்குத் தெரியாதா? சேற்றில் கிடந்தபடியே சொன்னேன், அடி என் மகளே என்று.

நீ ஆடிப்பெருக்குக்கு வந்தாயே, அப்போது டேப்பும் போனுமாக வரப்பு வரப்பாக நடந்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படித்த பிள்ளைக்கு நிலத்தின் மேல் நாட்டம் வந்துவிட்டது என்று நினைத்தேன். டீக்கடையிலும் சொல்லிவிட்டேன். "கவிப்ரியா வெளிநாட்டு முறையில் ஏதோ ஆராய்ச்சி பண்ணுது" என்று நான் சொல்ல, டீ மாஸ்டர் ஒரு வடையை இனாமாகவே கொடுத்தார். நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆராய்ச்சி ஒவ்வொன்றாக வெடித்தது. மோட்டார் கொட்டகையில் தகரத்தில் ஒரு போல்ட்டு லொடலொடவென்று ஆடுகிறதே என்று ஸ்பேனரைப் போட்டு முடுக்கினேன். போல்ட்டின் தலை கழன்று, உள்ளே சுருட்டி வைத்த ஒரு காகிதம். யாரோ நமக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உன் அம்மா கொட்டகையைச் சுற்றி மஞ்சத் தண்ணி தெளித்தாள். அடுத்த வாரம் அவளே தேங்காய்க் குவியலில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, உன் பெயரைச் சொல்லி, பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் போட்டாள். காய் சிதறவில்லை. கதவு மாதிரி திறந்துகொண்டது. உள்ளே கீல் வைத்திருக்கிறாய்! பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலும் ஒரு சாவிக்கொத்தும். பொறுக்க வந்த பசங்கள் ஓடிவிட்டார்கள். குருக்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. நமக்கும் பிள்ளையாருக்கும் மனஸ்தாபம் என்றேனே, இதுதான். அந்தப் பென்சில் இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பொட்டு வைக்கிறாள்.

இதெல்லாம் வீட்டோடு போச்சு. கல்லு ஊரைக் கூட்டிவிட்டது. நான் சேற்றில் விழுவதற்கு முன்னால், ஆவணியில் சென்னையிலிருந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டே வரப்பில் நடப்பது, நிற்பது, குனிவது, வைக்கோலைப் புரட்டுவது, யாராவது வந்தால் வானத்தைப் பார்ப்பது. நம் ஊரில் கருவி வைத்துக்கொண்டு வயலில் நடப்பவர்கள் யாராக இருக்க முடியும்? "எரிவாயுக்கு அளக்க வந்துட்டாங்கடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் பிளெக்ஸ் அடித்தாச்சு, 'உயிரைக் கொடுத்தேனும் மண்ணைக் காப்போம்' என்று. அதில் மண்ணைவிட எங்கள் வார்டு மெம்பர் போட்டோதான் பெரிசு. அந்தப் பிள்ளைகளை மடக்கி உட்காரவைத்து, மோர் கொடுத்து, எந்தக் கம்பெனி என்று கேட்டால், "அதைச் சொல்லக்கூடாதுங்க, வெளியாளுங்ககிட்ட சொல்றது விதிக்கு விரோதம்" என்கிறார்கள். ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? முன்வரிசையில் நின்று கோஷம் போட்டவன் உன் அப்பன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டோம். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் நம் நடுவரப்பில் வந்துதான் நிற்கிறார்கள் என்பதைக் கலியபெருமாள் பெரியப்பா கவனித்துவிட்டார். வந்து பார்த்தார். இத்தனை வருஷமாக வெறும் வரப்பாக இருந்த இடத்தில் புல எண், அம்புக்குறியோடு ஒரு சர்வே கல். வாசலில் வந்து நின்றார். "டேய் தொரராசு, எவனைக் கேட்டுடா கல்லு நட்ட?" "அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே." "கல்லு கால் மொளச்சி வந்துச்சா? எல்லை இன்னும் உள்ள இருக்குடா, ஒன் பக்கம்!" அவர் கணக்கில் எல்லை எப்போதும் நம் அடுப்படி வரைக்கும்தான், அது உனக்கே தெரியும். "தாலுகா ஆபீசுல மனு போட்டுட்டேன். சர்வேயர் வந்து பைசல் பண்ற வரைக்கும் ஒனக்கு ஒரு சொட்டு தண்ணி கெடையாது" என்று மடையை அடைத்துவிட்டார். மேட்டூர்த் தண்ணி வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது, நமக்கு வர வேண்டிய மடை அவர் வயலில் இருக்கிறது. நாற்றங்காலில் நாத்து முற்றிக்கொண்டு நிற்கிறது. நடவு வயல் வெடித்துக் கிடக்கிறது. இன்னும் சில நாள் போனால் அந்த நாத்தை மாட்டுக்குத்தான் போட வேண்டும், இந்தச் சம்பா அதோடு சரி. அந்த ஆத்திரத்தில்தான் கல்லைப் பிடுங்கிக் கடாசிவிடுகிறேன் என்று போனேன். விழுந்தேன்.

சேற்றிலிருந்து எழுந்திருக்கும்போது ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். அதிராம்பட்டினம் அப்துல் ஜலீல் பாய், ரொம்ப காலம் துபாயில் இருந்தவர். என் கையில் கல்லையும் திறந்த மூடியையும் பார்த்துவிட்டு, "அடடா, நீங்களும் நம்ம ஆளா?" என்று கையை நீட்டினார். அவர்தான் விளக்கினார். ஜியோகேச்சிங் என்று பெயராம். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை செல்போன் வரைபடத்தைப் பார்த்துத் தேட வேண்டும். கிடைத்தால் பெயரை எழுதிவிட்டு, இருந்தபடியே மூடி வைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் போக வேண்டும். "கெடச்சா என்ன பரிசு பாய்?" "ஒண்ணும் கெடையாதுங்க." "அப்பறம் எதுக்கு?" "எதுக்குன்னு கேக்காதவங்க வெளையாடுறதுங்க இது." பிறகு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாசி படிஞ்ச மாதிரி பெயின்ட்டு, மூலையில ஒடஞ்ச மாதிரி ஒரு சில்லு, காக்கா எச்சம்கூட வரஞ்சிருக்காங்க பாருங்க! எந்த நாட்டுலயும் இப்படி ஒரு வேலை நான் பாத்ததில்ல. யாரு செஞ்சதோ, கைக்குத் தங்க வளையல் போடணும்." எனக்கு இடுப்பு வலித்தது, காது ஓரம் சேறு, இருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எம்பொண்ணுதான்" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. பெருமையில், பிடுங்கியதை, நீ மண்ணில் அடித்து வைத்திருந்த கம்பியிலேயே பத்திரமாகச் சொருகி வைத்துவிட்டு வந்தேன். தூரத்திலிருந்து பார்த்த அம்சம், துரைராசு அண்ணன் சர்வே கல்லை ஒத்தக் கையால் தூக்குகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டது. இரண்டு பேர் என்னை மாட்டுவண்டி தூக்கக் கூப்பிட்டார்கள்.

நாத்து பழுக்க ஆரம்பித்த பிறகு சர்வேயர் புகழேந்தி வந்து ஆஜரானார். சின்ன வயசு, பெரிய வரைபடம். பழைய கற்களைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. ஒன்று வாய்க்கால் படியாகிவிட்டது, ஒன்று பெரியப்பா வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாக இருக்கிறது. மிச்சம் மண்ணுக்குள்ளே. கடைசியில் உன் கல் முன்னால் வந்து நின்றார், முகம் மலர்ந்தது. "இந்தப் பிர்கா முழுக்கச் சுத்திட்டேங்க, இப்படி ஒரு கல்லு பாத்ததில்ல. எழுத்து தேயல, அம்பு அழியல. அந்தக் காலத்து வேலைன்னா அந்தக் காலத்து வேலைதாங்க!" இது பிளாஸ்டிக், என் பெண் செய்தது என்று அப்போது சொன்னால், பெரியப்பா போலீசுக்குப் போவார், போலி சர்வே கல் நட்ட கேசில் உன் பாஸ்போர்ட் வரைக்கும் இழுப்பார். தலையாட்டி வைத்தேன். சர்வேயர் டேப்பின் கொக்கியைக் கல்லில் மாட்டி அந்தப் பக்கம் நடந்தார். விறைப்பாக இழுத்தால் கல் அவர் பின்னாலேயே போய்விடுமே! ஓடிப்போய் ஒரு காலைத் தூக்கிக் கல் மேல் வைத்து அழுத்தினேன். "ஐயா, அரசாங்கக் கல்லு மேல கால வைக்காதீங்க!" என்று ஒரு அதட்டல். உடனே உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அளந்து முடிக்கிற வரைக்கும் விடவில்லை. "பாருங்க, சட்டத்துக்கு எவ்வளவு மரியாதை குடுக்குறாரு" என்றார் சர்வேயர். பெரியப்பாவே கொஞ்சம் இளகி, "எங்க சித்தப்பா வளத்த வளப்பு" என்றார்.

அந்தக் கல்தான் எல்லை என்று பைசலாகிவிட்டது. நமக்கு இம்மி நிலம் குறையவில்லை. பெரியப்பாவும் ஏனோ மறுபேச்சில்லாமல் சரி என்று கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே மடையைத் திறந்துவிட்டார். மறுநாளே அம்சத்தின் ஆட்கள் வந்து நட்டு முடித்தார்கள், பயிர் பச்சை பிடித்துவிட்டது. ஆனால் கல்லை எவன் தொட்டாலும் குற்றம் என்று சர்வேயர் எச்சரித்துவிட்டுப் போனதால், பெரியப்பா அதற்குச் சுண்ணாம்பு அடித்து, முள்ளு வெட்டிப் போட்டுக் காவல் காக்கிறார். நீ வரைந்த காக்கா எச்சம் போச்சு. தேடி வருகிறவர்களைக் கம்பெடுத்துத் துரத்துகிறார். ஜலீல் பாய் போன் பண்ணி அழாத குறை. ஆகவே மகளே, பார்த்த கையோடு வரைபடத்திலிருந்து அதை எடுத்துவிடு. போல்ட்டு, தேங்காய், கல், ஒன்றும் வேண்டாம். இனி லீவில் வந்தால் சாப்பிடு, தூங்கு, ஊர் திரும்பு. எதையும் ஒளிக்காதே.

ராத்திரி சைக்கிளில் போனால் தொப்பி போட்டுக்கொள். ரொட்டியைத் தின்று வயிற்றை ஏமாற்றாமல் ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு. நம் குலசாமியும், மனஸ்தாபம் தீர்ந்தால் பிள்ளையாரும், உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், பூஜைப் பென்சிலும் நலம் என்றாள்.

இப்படிக்கு,
சேறு கழுவிய உன் அப்பா,
துரைராசு

பின்குறிப்பு: இது பின்பக்கம். அம்மாவுக்குத் தெரியாமல் நானே போட்டோ எடுக்கிறேன், என் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள். வரைபடத்திலிருந்து எதையும் எடுக்காதே. முன்பக்கம் எழுதி முடித்த பிறகு, நேற்று சாயந்திரம் பெரியப்பா வந்து, "ஏன்டா, நம்ம கல்லைப் பாக்கச் சென்னையிலேர்ந்தெல்லாம் வர்றானுவளே, பாவம், தொடாம பாத்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். இளநீர்கூட வெட்டித் தருகிறாராம். தொடாமல் பெயர் எழுதுவது எப்படி என்று நீயும் ஜலீல் பாயும் பேசி முடிவு பண்ணுங்கள். இன்னொரு தேங்காய் செய்து அனுப்பு. ஆனால் சாமிக்கு உடைக்கிற காய் இல்லை என்று மேலே எழுதி அனுப்பு.

இம்மி குறையவில்லை என்று முன்பக்கம் எழுதினேன், அது உன் அம்மாவுக்காக. சண்டை வரக்கூடாது என்று கல்லை நம் பக்கமாக நன்றாகத் தள்ளி நட்டதாகப் போனில் சொன்னாயே, அது எவ்வளவு தூரம் என்று எனக்கு அளந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. சர்வேயர் போன பிறகு, தண்ணிக்கு வழி பண்ணலாம் என்று மடைப் பக்கம் மண்வெட்டியைப் போட்டேன், டங்கென்றது. மண்ணைத் தள்ளினால் அசல் கருங்கல், புல எண்ணோடு. உன் கல்லிலிருந்து ஒரு முழத்துக்கு மேலேயே பெரியப்பா பக்கம் தள்ளி. வரப்பு நீளத்துக்கு ஒரு முழம், உன் பங்கில்தான் போகிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் பெரியப்பா மடையை வெட்டிவிட்டார், தண்ணி சலசலவென்று வந்து வெடிப்பெல்லாம் குடித்துக்கொண்டே போய் என் காலைத் தொட்டது. பெரியப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "என்னடா தொரராசு, ஏதோ தட்டுப்பட்டுச்சு?" என்றார். ஜலீல் பாய் சொன்ன விதிப்படி, கண்டுபிடித்ததை இருந்தபடியே மூடினேன். "ஒண்ணுமில்லண்ணே, பழைய வேரு" என்றேன்.

'அண்ணே, நீங்க நிக்கிற எடம் என்னுது' என்று மட்டும் சொல்லவில்லை.